டக்ஸிடோ மாட்டிய ராக்: கம்பஸ்டிபிள் எடிசன் கலகமா, வேஷமா?

ஊசிமுனை (திரி தொடங்கியவர்)

போன வாரம் கிரஞ்ச் (90-களின் முரட்டு ராக்) திரியில் ஒருவர், "சப் பாப் லேபிள்னா கிழிஞ்ச ஜீன்ஸ், கட்டம் போட்ட சட்டை, காது கிழியுற கிட்டார், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார். பதில் எழுதி முடிப்பதற்குள் திரியைப் பூட்டிவிட்டார்கள். எழுதியதை வீணாக்க மனசு வரவில்லை, அதனால் தனித் திரி.

1989-ல் நிர்வாணாவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அதே சப் பாப், கர்ட் கோபெய்ன் இறந்த 1994-ல் இன்னொரு ஆல்பமும் போட்டது. 'ஐ, ஸ்விங்கர்'. குழுவின் பெயர் கம்பஸ்டிபிள் எடிசன். அமெரிக்காவின் ஆகச் சின்ன மாநிலமான ரோட் ஐலண்ட், அதன் தலைநகர் பிராவிடன்ஸ், அங்கிருந்து வந்தவர்கள். ஆண்கள் டக்ஸிடோ (விருந்துக்குப் போடுகிற கோட்டு), பாடுபவர் மாலை விருந்துக்குப் போகிற கவுன். கிட்டார் உண்டு, ஆனால் டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பு கிடையாது. வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது), ஆர்கன், பாங்கோ. 1950-களில் பணக்கார ஹோட்டல் பாரில் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்குமே, அந்த லவுஞ்ச் இசை.

இவர்கள் ஜாஸ் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் இல்லை. மைக்கேல் கடஹியும் லிஸ் காக்ஸும் 80-களில் பாஸ்டனில் 'கிறிஸ்மஸ்' என்ற ராக் குழுவில் இருந்தவர்கள். கடஹி கிட்டார், காக்ஸ் டிரம்ஸ். அந்தக் குழுவில் கொஞ்ச நாள் பேஸ் வாசித்த ஜேம்ஸ் மெக்நியூதான் பிறகு யோ லா டெங்கோ என்ற ராக் குழுவுக்குப் போனவர். ஆக, ரத்தம் முழுக்க ஆல்டர்நேட்டிவ் ராக். கடஹி 'தி மில்லியனேர்' ஆனார், காக்ஸ் 'மிஸ் லில்லி பேங்க்வெட்' ஆனார். முதலில் 'டிக்கி வண்டர் அவர்' என்று ஒரு மேடை நிகழ்ச்சி, அதற்குப் பதினான்கு பேர் கொண்ட வாத்தியக் கோஷ்டி. அதைச் சுருக்கிச் சுருக்கி வந்ததுதான் இந்தக் குழு.

என் கட்சி இது: எல்லோரும் ஒரே மாதிரி சோகமாக, ஒரே மாதிரி அழுக்காக நின்ற காலத்தில் ராக் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சட்டையை இஸ்திரி போட்டு நின்றதைவிடப் பெரிய கலகம் அப்போது வேறு இல்லை. மறுப்பவர்கள் வரலாம்.

கருவேலன்

வந்துட்டேன். அந்த "காது கிழியுற கிட்டார்" எழுதுனது நான்தான். பூட்டுன திரிக்கு வெளிய வந்து அடிக்கிறீங்க, சரி.

தல, இஸ்திரி போடுறது கலகம்னா எங்க தெருமுக்குல வண்டி வச்சிருக்கவருதான் பெரிய புரட்சிக்காரர்.

ஒரே ஜோக்கு. டக்ஸிடோ போட்டு வந்து நிக்கிறான், சிரிச்சாச்சு. ரெண்டாவது பாட்டுலயும் அதே ஜோக்கு. அஞ்சாவது பாட்டுல எனக்குக் கொட்டாவி வந்துருச்சு. 'பிரேக்ஃபாஸ்ட் அட் டென்னிஸ்'னு ஒரு பாட்டுப் பேரு. டென்னிஸ்ங்கிறது அங்க ஒரு சாப்பாட்டுக்கடை, மார்ட்டின் டென்னிங்கிறது பழைய லவுஞ்ச் ஆளு. புரிஞ்சவன் தோளைத் தட்டிக்குவான், புரியாதவன் வெளிய போ. இதுக்குப் பேரு கலகம் இல்ல, படிச்ச புள்ளைங்களோட விடுகதை.

'கிறிஸ்மஸ்' குழுவைப் பத்தி நீங்களே சொல்லிட்டீங்க. அந்த 1986 ஆல்பத்தைக் கேளுங்க. கோணலா, பதட்டமா, சொந்தமா இருக்கும். அதை விட்டுட்டு அடுத்தவன் கோட்டைப் போட்டுக்கிட்டதுதான் எனக்கு வருத்தம்.

பிராவிடன்ஸ்ல நிஜமான கலகம் வேணும்னா 1994-ல அதே ஊர்ல ஆரம்பிச்ச லைட்னிங் போல்ட் குழுவைக் கேளுங்க. ரெண்டே பேரு, ஒரு பேஸு, ஒரு டிரம்ஸு, மேடை கூட வேணாம்னு தரையில நின்னு வாசிச்சாங்க. ஓல்னிவில்ல பாழடைஞ்ச பழைய துணி மில்லுல ஃபோர்ட் தண்டர்னு குடியிருந்துக்கிட்டே கச்சேரி நடத்துனாங்க. அந்த மில்லையும் இடிச்சுட்டானுக. அந்த ஊரோட வலி அதுல கேக்கும். மார்ட்டினி கிளாஸ்ல கேக்காது.

பெல்லோஸ் பாண்டி

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் இருபது வருஷமா மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். கல்யாண ரிசப்ஷன்தான் பிழைப்பு. அதனால லவுஞ்ச்ங்கிற சொல்லைக் கேட்டா எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரும்.

ரிசப்ஷன்ல நாம வாசிக்கிறதை யாரும் கேக்க மாட்டாங்க. பந்தி ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம். நல்லா வாசிச்சா கவனிக்க மாட்டான், ஒரு சுரம் தப்பினா மட்டும் திரும்பிப் பார்ப்பான். லவுஞ்ச் இசைங்கிறது உலகம் முழுக்க அந்த வேலைதான். தன்னை மறைச்சுக்கிட்டு வாசிக்கணும்.

ராக் நேர் எதிர். "என்னைப் பாரு"ங்கிற இசை. என்னைப் பாருன்னு கத்திப் பழகினவங்க, தன்னை மறைச்சுக்கிற இசையை எடுத்து மேடைக்கு முன்னால கொண்டுவந்து வச்சது எனக்குச் சுவாரசியமா இருக்கு. கருவேலன் தம்பி ஜோக்குங்கிறார். ஜோக்கா இருந்தா வைப்ரஃபோனை யாராவது வேன்ல ஏத்தி ஊர் ஊரா தூக்கிட்டுப் போவானா? பிரிச்சு மாட்டவே அரை மணி நேரம். கீழ மோட்டார், ஒவ்வொரு குழாய்க்கு மேலயும் சின்ன விசிறித் தகடு சுத்தும், அதுலதான் அந்த நடுக்கம் வருது. சிந்தசைசர்ல ஒரு பட்டன் அமுக்கினா அதே மாதிரி சத்தம் வந்திருக்கும் 1994-ல. கிண்டலுக்குப் பண்றவன் பட்டனைத்தான் அமுக்குவான்.

ஊசிமுனை

பாண்டி அண்ணே, இதைத்தான் நான் சுற்றிச் சுற்றிச் சொல்ல வந்தேன்.

கருவேலனுக்கு: லைட்னிங் போல்ட் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு ஊருக்கு ஒரு வலிதான் இருக்க வேண்டுமா என்ன? டாக்கிங் ஹெட்ஸ் ராக் குழுவின் ஆட்கள் சந்தித்துக்கொண்டதும் அதே பிராவிடன்ஸின் ஓவியக் கல்லூரியில்தான். அவர்களும் கோட்டுதான் போட்டார்கள். அந்த ஊருக்கு இரண்டு முகமும் உண்டு.

'ஐ, ஸ்விங்கர்' உறைக்குள் ஒரு கொள்கை அறிக்கை அச்சிட்டிருந்தார்கள். காக்டெயில் தேசத்தின் முதல் அறிக்கை என்று. ஒரே மாதிரித்தனத்திலிருந்து விடுதலை அறிவிக்கிறோம் என்கிற தொனி. கூடவே குழுவின் பெயரிலேயே ஒரு பானத்தின் செய்முறை: காம்பாரி என்கிற கசப்பு மது, எலுமிச்சைச் சாறு, அதன்மேல் பிராண்டியைச் சூடாக்கிப் பற்றவைத்து ஊற்ற வேண்டும். பங்க் குழுக்கள் அறிக்கை எழுதினால் அரசியல், இவர்கள் எழுதினால் ஜோக்கா?

கருவேலன்

பங்க் அறிக்கையில சாராயம் காய்ச்சுற குறிப்பு இருக்காது தல 😀

வானதி

அறிக்கையைப் பற்றிப் பேசுகிறோம், பெயரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்தப் பதினான்கு பேர் கோஷ்டியின் முழுப்பெயர் 'கம்பஸ்டிபிள் எடிசன் ஹீலியோட்ரோபிக் ஓரியண்டல் மாம்போ அண்ட் ஃபாக்ஸ்டிராட் ஆர்கெஸ்ட்ரா'. அதில் 'ஓரியண்டல்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது நாம்தான், தோழர்களே. நம்மைப் பிரம்பு நாற்காலிக்கும் மூங்கில் தடுப்புக்கும் பக்கத்தில் வைக்கிற அலங்காரப் பொருளாக அந்தச் சொல் நினைக்கிறது.

லவுஞ்சின் ஒரு கிளைதான் எக்ஸாட்டிகா. அது எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். மார்ட்டின் டென்னி 50-களில் ஹொனலூலுவில், ஹென்றி கைசர் என்ற தொழிலதிபர் கட்டிய ஹவாயியன் வில்லேஜ் ஹோட்டலின் ஷெல் பாரில் வாசித்தார். பக்கத்தில் குளம். இசை தொடங்கினால் தவளைகள் கத்தும், இசை நின்றால் தவளைகளும் நிற்கும். குழுவினர் வேடிக்கையாகப் பறவைக் குரல் கொடுத்தார்கள். மறுநாள் ஒருவர் வந்து அந்தத் தவளையும் பறவையும் இருக்கிற பாட்டைத் திரும்ப வாசிக்கச் சொன்னாராம். அப்படி வளர்ந்ததுதான் 'கொயட் வில்லேஜ்'. 1959-ல் அமெரிக்கத் தரவரிசையில் நாலாவது இடம் வரை போயிற்று. அதே 1959-ல்தான் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானது. பசிபிக் போரில் குண்டு போட்டுவிட்டு வீடு திரும்பிய ஒரு தலைமுறைக்கு, அந்தத் தீவுகளைப் பயமில்லாத கனவாக மாற்றிக்கொடுத்த இசை அது. அங்கே மனிதர்களே கிடையாது, கவனித்தீர்களா? தவளை உண்டு, கிளி உண்டு. ஊர்க்காரர் யாரும் பேசுவதில்லை.

அசல் அப்படி. 35 வருடம் கழித்து ஒரு ராக் குழு அதை எடுத்துச் 'சும்மா விளையாட்டுக்கு' என்று வாசிக்கும்போது, விளையாட்டில் யார் பொம்மை என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஊசிமுனை சொல்கிற 'ஒரே மாதிரித்தனத்துக்கு எதிரான கலகம்' எல்லாம் சரி. ஆனால் கிரஞ்சுக்குச் சலித்துப்போய் ஓடி ஒளிய அவர்கள் தேர்ந்தெடுத்த இடம், வெள்ளை அமெரிக்கா தன்னைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லாமல் இருந்த ஒரு வரவேற்பறை.

ஊசிமுனை

வானதி, இது கனமான அடி. உடனே பதில் சொன்னால் மழுப்பலாக இருக்கும். இரவு வருகிறேன்.

மாடிப்படி மணி

இதுக்கெல்லாம் ஏன் ரோட் ஐலண்ட் போகணும்? நம்ம எம்.எஸ்.வி. போடாத லவுஞ்சா? எல்.ஆர். ஈஸ்வரி குரல்ல வந்த அத்தனை கிளப் டான்ஸ் பாட்டும் இதுதான். பாங்கோ, சாக்ஸ், அக்கார்டியன். வெள்ளைக்காரன் பண்ணா மட்டும் திரி போட்டு விவாதிப்பீங்க.

நெறியாளர்

மணி சார், அதற்கு ஏற்கெனவே நாற்பது பக்கத்துக்கு ஒரு திரி ஓடுகிறது. இங்கே பொருளைவிட்டு நகர வேண்டாம்.

பெல்லோஸ் பாண்டி

நெறியாளர் கோவிச்சுக்க வேணாம், ஒரே வரி. அந்தக் கிளப் பாட்டை வாசிச்சவங்களுக்கு அது நடப்பு இசை. அன்னைக்கு உலகத்துல எது ஓடுச்சோ அதை வாசிச்சாங்க. கம்பஸ்டிபிள் எடிசன் செத்துப்போன இசையைத் தோண்டி எடுத்தவங்க. ரெண்டும் ஒண்ணு கிடையாது. அவ்வளவுதான், வாயை மூடிக்கிறேன்.

வடலி (ரொறன்ரோ)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு திருத்தமும் ஒரு கதையும்.

திருத்தம்: இந்தக் குழுவைக் கன இடத்தில 'மின்னி மறைஞ்ச குழு' எண்டு எழுதுறாங்கள். மூண்டு ஆல்பம் போட்டவை. 1994 இல 'ஐ, ஸ்விங்கர்', 1996 இல 'ஸ்கிட்சோஃபோனிக்!', 1998 இல 'தி இம்பாசிபிள் வேர்ல்ட்'. இடையில 1995 இல நாலு இயக்குநர்மார் சேர்ந்து எடுத்த 'ஃபோர் ரூம்ஸ்' படத்துக்கு இசையும் இவைதான். டரன்டினோ அதில ஒராள். 1999 இல கலைஞ்சிட்டினம். பத்து வருசம் கூட வராது, ஆனால் மின்னல் எண்டும் சொல்லேலாது.

கதை: நான் 2003 இல படிக்கேக்க, ஒரு பழைய சீடிக் கடையில முதல் ஆல்பத்தை ரெண்டு டொலருக்கு வாங்கினனான். ஏன் ரெண்டு டொலர்? அந்தக் கடையில லவுஞ்ச் எண்டு ஒரு முழுப் பெட்டியே இருந்தது, ஒருத்தரும் தொடேல்ல. கேப்பிட்டல் கம்பனி 1996 இல இருந்து போட்ட 'அல்ட்ரா லவுஞ்ச்' வரிசை முழுக்க அதுக்குள்ள கிடந்தது. அதில ஒண்டுக்குப் சிறுத்தைத்தோல் மாதிரிப் புள்ளி போட்ட ரோமத் துணி சுத்தியிருந்தது. தடவிப் பாத்தனான், கொஞ்சம் வெக்கமாயும் இருந்தது. மூண்டு நாலு வருசத்துக்கு முதல் எல்லாரும் விழுந்தடிச்சு வாங்கின சாமான், அப்ப குப்பை.

எனக்கு விளங்கினது என்னெண்டால், இந்தக் குழுவைக் கொண்டது கிண்டலும் இல்லை, வானதி அக்கா சொல்லுற அரசியலும் இல்லை. பெரிய கம்பனிகள்தான். கேப்பிட்டலின்ர கிட்டங்கியில பழைய ஒலிநாடா குவிஞ்சு கிடந்தது. புதுப் பாடகருக்குக் காசு குடுக்கத் தேவையில்லை, ஸ்டூடியோச் செலவு இல்லை. அசலே மலிவாக் கிடைக்கேக்க அசலைப் பாத்து வாசிக்கிற ஆக்களை ஆர் வாங்குவினம்?

கருவேலன்

வடலி அண்ணன் சொன்னதுல ஒரு மேட்டரு சேத்துக்குறேன். 1998-ல கேப் துணிக்கடை விளம்பரம் ஒண்ணு வந்துச்சு, காக்கி பேன்ட் போட்டுக்கிட்டு பழைய ஸ்விங் பாடகர் லூயி பிரிமா பாட்டுக்குக் குதிப்பாங்க. அதோட காக்டெயில், ஸ்விங் எல்லாம் ஒண்ணாக் கலந்து மாலுக்குள்ள போயிருச்சு. அறிக்கை விட்டு நாலே வருஷத்துல காக்டெயில் தேசம் பேன்ட் விக்கிறதுக்கு ஆயிருச்சு. நியாயமாப் பார்த்தா கிரஞ்சுக்கும் இதே கதிதான், சப் பாப்பே 1995-ல 49 சதவீதத்தை வார்னருக்கு வித்துச்சு. ஆனா கிரஞ்சுக்குள்ள ஒரு கோபம் இருந்துச்சு, வித்த பிறகும் பாட்டுல அது மிச்சம் இருக்கு. இதுல என்ன மிச்சம்? மார்ட்டினி கிளாஸ்ல கிடக்குற ஆலிவ் கொட்டை.

வானதி

கருவேலன், அந்த ஆலிவ் கொட்டைக்கு ஒரு சலாம். ஆனால் நீங்களும் நானும் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. உங்களுக்கு இவர்கள் போதுமான அளவு ஆண்மையாக இல்லை என்பதுதான் பிரச்சினை என்று சந்தேகப்படுகிறேன். 'கோபம்', 'வலி', 'நிஜம்' என்று அடுக்குகிறீர்கள். ராக் ரசிகர்கள் இந்த மூன்றையும் எப்போதும் சத்தத்தோடுதான் சேர்த்து வைத்திருப்பார்கள். மெதுவாக, நேர்த்தியாக வாசித்தால் உடனே போலி.

லிஸ் காக்ஸ் பழைய குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இங்கே முன்னால் வந்து பாடினார், பாங்கோவும் வாசித்தார். இந்த மாற்றத்தைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? "டக்ஸிடோ, டக்ஸிடோ" என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கருவேலன்

அக்கா, ஆண்மை கீண்மைன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா சத்தத்தைப் பத்தி நீங்க சொன்னது கொஞ்சம் குத்துது. யோசிக்கிறேன்.

ஊசிமுனை

வந்துவிட்டேன். வானதிக்கு முதலில்.

எக்ஸாட்டிகாவின் தீவில் மனிதர்கள் இல்லை என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன், இனி அந்தத் தவளைகளைக் கேட்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும், என் மாலைப்பொழுதைக் கெடுத்துவிட்டீர்கள். ஆனால் கம்பஸ்டிபிள் எடிசன் எடுத்துக்கொண்டது எக்ஸாட்டிகாவை மட்டும் இல்லை. அவர்களுடைய பெரிய குரு எஸ்கிவெல் என்றே நான் நினைக்கிறேன். ஹுவான் கார்சியா எஸ்கிவெல், மெக்சிகோவின் டாம்பிகோவில் 1918-ல் பிறந்தவர். 'ஃபோர் ரூம்ஸ்' படத்தின் இசைத்தட்டில் இவர்களுக்குப் பக்கத்திலேயே அவருடைய பாட்டும் இருக்கிறது.

எஸ்கிவெல் வெள்ளைக்காரனின் கனவில் வந்த பொம்மை இல்லை. அந்தக் கனவுக்கே ஒலியமைத்துக் கொடுத்த மெக்சிகோக்காரர். ஸ்டீரியோ இசைத்தட்டு 1958-ல் கடைக்கு வந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, இவர் 1962-ல் வாத்தியக் குழுவை இரண்டாகப் பிரித்து இரண்டு தனித்தனி ஸ்டுடியோவில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி ஒரே நேரத்தில் வாசிக்கவைத்தார். இடது காதுக்கு ஒரு ஸ்டுடியோ, வலது காதுக்கு இன்னொரு ஸ்டுடியோ. பாடகர்களுக்குப் பாட்டு வரிகளுக்குப் பதில் 'சூ சூ சூ', 'பவ்' என்று அசைகள். 1994-ல் பார்/நன் என்ற சின்ன லேபிள் அவருடைய பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது அவர் உயிரோடு இருந்தார், மெக்சிகோவில் படுக்கையில். 2002-ல்தான் இறந்தார். மறந்துபோன ஒரு மேதை, தன்னை இருபது வயதுப் பிள்ளைகள் கேட்பதைத் தெரிந்துகொண்டு போனார். அந்த அலையை எழுப்பியவர்களில் இந்தக் குழுவும் உண்டு. இதையும் அதே தராசில் போடுங்கள்.

இரண்டாவது, கருவேலனின் "ஒரே ஜோக்கு". அதே முதல் ஆல்பத்தில் 'சுரபயா ஜானி' இருக்கிறது. பிரெக்ட் வரிகள், குர்ட் வைல் இசை. கப்பல்காரன் ஒருவனை நம்பி ஏமாந்த பெண், அவனைத் திட்டித் திட்டிக் கடைசியில் "இருந்தாலும் உன்னை எனக்கு ஏன் பிடிக்கிறது" என்கிற இடத்துக்கு வருகிற பாட்டு. வெறும் ஆலிவ் கொட்டைக் குழு என்றால் இந்தப் பாட்டைத் தொடுவானேன்? 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' என்று 1962-ல் வந்த ஒரு பேய்ப் படத்தின் பெயரில் ஒரு பாட்டு. அதைக் கேட்டுவிட்டு வந்து வரவேற்பறை என்று சொல்லுங்கள். அந்த அறையின் விளக்கை யாரோ அணைத்துவிட்டுப் போனது போல இருக்கும்.

வானதி

எஸ்கிவெல் விஷயம் நியாயம். அதை நான் விட்டுவிட்டேன்.

'சுரபயா ஜானி'யை நீங்கள் துணைக்கு அழைத்திருக்க வேண்டாம். சுரபயா ஜாவாவில் இருக்கிற துறைமுகம். பாட்டு 1929-ல் பெர்லின் மேடைக்கு வந்தது. ஜாவா பக்கம் போகாமலே எழுதியது. அங்கேயும் கிழக்கு ஒரு பெயர்ப்பலகைதான்! உங்கள் சாட்சி எனக்குச் சாதகமாகப் பேசுகிறது.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். அந்தப் பெண் குரலில் கிண்டல் இல்லை. குரலை உயர்த்தாமலே கோபப்படுகிறார். இவ்வளவு பாடத் தெரிந்தவர் மற்ற பாட்டுகளில் ஏன் கண்ணாடிக் கோப்பை போலப் பாதுகாப்பாக நிற்கிறார் என்று இன்னும் கோபம்தான் வந்தது.

பெல்லோஸ் பாண்டி

அதுக்கு ஒரு தொழில்காரன் பதில் சொல்லலாமா வானதி மேடம்? லவுஞ்ச்ல உணர்ச்சியை அடக்கித்தான் பாடணும், அதுதான் அந்த வேலையோட ஒழுங்கு. 'க்ரை மீ எ ரிவர்' பாட்டை இவங்களும் பாடியிருக்காங்க. 1955-ல ஜூலி லண்டன் பாடினப்போ கூட ஒரு கிட்டார், ஒரு பேஸ், அவ்வளவுதான். மைக்குக்குக் கிட்ட வந்து காதுக்குள்ள சொல்ற மாதிரி பாடுவாங்க. அழுவுன்னு அவனைச் சொல்றாங்களே தவிர தான் அழ மாட்டாங்க. அழுதிருந்தா பாட்டு செத்துப்போயிருக்கும்.

ராக் காதுக்கு இது "பாதுகாப்பு"ன்னு படும். வாசிச்சுப் பார்த்தவனுக்குத் தெரியும், சத்தமா வாசிக்கறப்போ தப்பை மறைக்க இடம் இருக்கு. மெதுவா வாசிக்கறப்போ எங்கயும் ஒளிய முடியாது. பிரஷ் டிரம்ல ஒரு அடி தள்ளிப்போனா ஹால் முழுக்கத் தெரியும்.

கருவேலன்

பாண்டி அண்ணே, நீங்க வாசிக்கிறவரு, உங்ககிட்ட சண்டை போட முடியாது. ஆனா ஒரு கேள்வி. இவங்க நெஜமாவே அந்த இசையில கெட்டிக்காரங்களா? ராக் ஆளுங்க ரெண்டு வருஷம் பழகிட்டு வாசிச்சதுக்கும், டென்னி குழுவுல வைப்ரஃபோன் வாசிச்ச ஆர்தர் லைமனுக்கும் ஒரே மதிப்பெண்ணா?

பெல்லோஸ் பாண்டி

இல்ல. லைமன் பக்கத்துல இவங்க கையில அந்தச் சுத்தம் இல்ல, ஒத்துக்கறேன். தாளம் சில இடத்துல கொஞ்சம் கட்டையா இருக்கு, ஸ்விங்ல அந்தச் சாய்வு வரல. ஆனா எனக்கு அந்தக் கட்டைதான் பிடிச்சிருக்கு. அங்கதான் ராக் தெரியுது. ஆர்கன் வர்ற இடங்கள்ல கவனிங்க, ஹோட்டல்காரன் அவ்வளவு அழுத்தி வாசிச்சா மேனேஜர் வந்து நிறுத்திடுவான்.

வடலி (ரொறன்ரோ)

உது நல்ல கேள்விக்கு நல்ல பதில். இதோட லவ் ஜோன்ஸ் எண்ட குழுவையும் பாக்கோணும். கென்டக்கி, லூயிவில். அதே காலம், அதே மாதிரிக் காக்டெயில் இசை, 1993 இல 'ஹியர்ஸ் டு த லூசர்ஸ்'. அதில இருந்த பென் டாட்ரி, ஸ்குவிரல் பெய்ட் எண்ட குழுவில டிரம்ஸ் அடிச்சவர். ஸ்லின்ட் எண்ட ராக் குழு ஆக்கள் வந்ததும் அதே ஸ்குவிரல் பெய்ட்டில இருந்துதான்! ஒரு வேரில இருந்து ஒரு பக்கம் ஸ்லின்ட், மற்றப் பக்கம் மார்ட்டினி. ரெண்டு ஊர், ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் செய்யேல்ல எண்டுதான் நினைக்கிறன். சின்ன ஊர் ராக் ஆக்களுக்கு அந்த நேரம் ஒரே விதமான சலிப்பு வந்திருக்கு. கருவேலன் தம்பி, உமக்கு ஸ்லின்ட் பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியும் 😄

கருவேலன்

அடப்பாவிகளா. ஸ்லின்ட்டை இழுத்தா நான் எங்க போவேன்?

ஊசிமுனை

ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆர்கன் பேச்சு வந்ததால் பிரதர் கிளீவ். இந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவர், 2022-ல் இறந்துபோனார். குழு கலைந்தபிறகு அவர் பாஸ்டன் பக்கத்தில் காக்டெயில் கலை கற்றுக்கொடுக்கிற ஆசானாக அறியப்பட்டார். மறந்துபோன பழைய பானங்களின் செய்முறைகளைத் தேடி எடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். கருவேலன் கேட்டாரே, என்ன மிச்சம் என்று. வேஷம் கட்டியவர் வேஷம் கலைத்த பிறகும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் அதை இன்னும் வேஷம் என்று எப்படிச் சொல்வது?

வானதி

அவர் உண்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஷெல் பார் ரசிகர்களும் உண்மையாகத்தான் ரசித்தார்கள். மனப்பூர்வமாக ரசிப்பதால் 'ஓரியண்டல்' என்ற சொல் கழுவப்பட்டுவிடாது. இந்த இடத்தில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, ஊசிமுனை.

ஊசிமுனை

போக வேண்டாம். அந்தச் சொல்லை அவர்கள் பிறகு சுருக்கியபோது விட்டுவிட்டார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வானதி

பெயர்ப்பலகையில் இடம் போதவில்லை போலும்.

கருவேலன்

ராத்திரி ஒன்றரை மணி. ஹெட்ஃபோன்ல 'ஐ, ஸ்விங்கர்' ரெண்டாவது தடவை ஓடிக்கிட்டிருக்கு. என் கட்சி மாறல, எல்லாரும் கேட்டுக்கங்க. பாண்டி அண்ணன் சொன்ன ஆர்கன் எந்தப் பாட்டுல, எத்தனாவது நிமிஷம்? நேரத்தைப் போடுங்கண்ணே. தேடித் தேடி அஞ்சாவது பாட்டைத் தாண்டிட்டேன், இன்னும் கொட்டாவி வரல.

பெல்லோஸ் பாண்டி

தம்பி, காலையில தாம்பரத்துல முகூர்த்தம், அஞ்சு மணிக்கு வேன். வந்து சொல்றேன். அதுவரைக்கும் நிறுத்தாம கேளுங்க.